பெருமாளுக்கு வந்த டம்ளர் இட்லி

பிரேம்நாத்துக்கு உலகத்தில் பிடிக்காத வாடிக்கையாளர்கள் இரண்டு வகை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிறவர்கள் ஒரு வகை. காலைச் சாப்பாட்டுக்கு நடுவில் வருகிறவர்கள் இன்னொரு வகை. தர்ஷினி இரண்டாவது வகையாக வந்து சேர்ந்தாள். பிரேம்நாத் பொட்டலத்தை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, விரலை நக்கிக்கொண்டே வணக்கம் சொன்னான்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக் கடையின் மாடியில் இருக்கிறது சுகாசினி துப்பறியும் நிலையம். கீழே கல்யாணப் புடவை எடுத்தவர்கள் மேலே ஏறி வந்து மாப்பிள்ளையின் யோக்கியதையையும் விசாரித்துவிட்டுப் போவார்கள். புடவைச் சாயம் போகுமா என்று நூறு கேள்வி கேட்கிற ஊரில் மாப்பிள்ளைச் சாயத்துக்கும் ஒரு கடை வேண்டாமா? அந்தக் கடையின் முதலாளி சுகாசினி. விற்பனைப் பிரிவு, கணக்குப் பிரிவு, காபி வாங்கி வரும் பிரிவு எல்லாம் பிரேம்நாத்.

வந்த பெண்ணைப் பார்த்தாலே மாப்பிள்ளை விவகாரம் இல்லை என்று தெரிந்தது. நெற்றியில் புருவத்துக்கு மேலே தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. கூட வந்தவனின் வலது கை மாவுக்கட்டில் தொங்கியது.

"நான் ஆம்புலன்ஸ்ல வேல பாக்கறேன் மேடம். இவரு டேனியல் அண்ணன், எங்க வண்டி டிரைவர். இன்னிக்கி சாயங்காலம் நாலு மணிக்கு நான் மேடை ஏறி மன்னிப்புக் கேக்கணுமாம்."

"எதுக்கு?" என்றாள் சுகாசினி.

"உயிரோட இருந்த மனுஷனப் பாத்து செத்துட்டாருன்னு சொன்னதுக்கு."

"உயிரோட இருந்தாரா?"

"இல்ல மேடம்."

கதை ஊருக்கே தெரிந்த கதைதான். வைகாசித் திருவிழாவில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் அப்பாதுரை. வாலாஜாபாத் பக்கம் நிலத்தை விற்றுவிட்டு வந்து, சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை போட்டு, கடையிலிருந்து கட்சிக்கும் கட்சியிலிருந்து கவுன்சிலர் பதவிக்கும் படிப்படியாக ஏறியவர். அவருடைய அப்பா கண்ணாயிரம் கட்டிலில் கிடந்தார். தர்ஷினி நாடி பார்த்தாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. தாடை விறைத்திருந்தது.

"நான் சத்தம் போட்டுக் கூடச் சொல்லல மேடம். அவரு காதுலதான் சொன்னேன். 'ஐயா, இவரு தவறி ரொம்ப நேரமாச்சு'ன்னு. அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. நேரா வாசலுக்குப் போயி, 'எங்கப்பா மூச்சு விட்டுக்கினு இருக்காரு, இவ வண்டியில ஏத்த மாட்டேங்கறா'ன்னு கத்தினாரு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்பது அந்தத் தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. முதல் கல் வண்டிக் கண்ணாடிக்கு. இரண்டாவது கல் தர்ஷினிக்கு. குறுக்கே விழுந்த டேனியலின் கையை, அவன் வண்டியிலிருந்த ஸ்ட்ரெச்சர் கம்பியைக் கொண்டே உடைத்தார்கள். தெருவில் நாற்பது செல்போனாவது படம் பிடித்திருக்கும். அதில் ஒரு முகம்கூடப் போலீசுக்கு அடையாளம் தெரியவில்லை. முதல் தகவல் அறிக்கையில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதி, கேஸுக்கும் அன்றே நாடி பார்த்துவிட்டார்கள்.

கண்ணாயிரத்தை மகன் தன் சொந்தக் காரில் ஏற்றி, மச்சான் நடத்துகிற நர்சிங் ஹோமுக்குக் கொண்டு போனார். அன்று சாயங்காலம் அதே தெருவில் பெருமாள் புறப்பாடு. அப்பாதுரை வீட்டு மண்டகப்படி. அதாவது, பெருமாள் அவர் வீட்டு வாசலில் நிற்பார், அவர் வீட்டு இட்லி நைவேத்தியம், அவர் தலையில் பரிவட்டம். எல்லாம் அமோகமாக நடந்தது. மறுநாள் காலையில் கண்ணாயிரம் 'சிகிச்சை பலனின்றி' காலமானார். ஆம்புலன்ஸ்காரி ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மச்சான் டாக்டர் பேட்டி கொடுத்தார். தர்ஷினியைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

இப்போது கருமாதி முடிந்த கையோடு அப்பாதுரைக்குப் பெருந்தன்மை பொங்கி வழிகிறது. அவள் மேடையில் மன்னிப்புக் கேட்டு, அடித்த கேஸையும் வாபஸ் வாங்கினால், அவர் புகாரை வாபஸ் வாங்கி பொன்னாடையும் போர்த்துவாராம்.

"கேட்டுட்டா வேல திரும்பக் கெடைக்கும்," என்றாள் தர்ஷினி. குரல் அங்கே உடைந்தது. "ஆனா அதுக்கப்புறம் நான் ஒருத்தர் கையப் புடிச்சுப் பாத்து சொல்றத எவன் நம்புவான் மேடம்? எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான்."

சுகாசினி காபியை ஒரு வாய் உறிஞ்சினாள். அவள் பேசாத நேரங்களில் பேசுவதுதான் பிரேம்நாத்தின் சம்பளத்தில் பாதி.

"அன்னிக்கி சாயங்காலம் நானும் அந்தத் தெருவுலதான் இருந்தேன்" என்றான்.

"விசாரிக்கவா?"

"பிரசாதத்துக்கு மேடம். மூணு தடவ வரிசையில நின்னேன். வருஷா வருஷம் அப்பாதுரை சம்சாரம் அலமு அம்மா மூங்கில் கூடையில மந்தாரை எல போட்டு இட்லி வேகவெச்சு, கேக் மாதிரி துண்டு போட்டுத் தருவாங்க. மிளகும் நெய்யுமா சும்மா தூக்கும். இந்த வருஷம் என்னடான்னா டம்ளர்ல ஊத்தி எடுத்த இட்லி! பெருமாளுக்கே ஓட்டல் பார்சல். கலிகாலம்."

சுகாசினி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இத ஏன்டா இவ்ளோ நாள் சொல்லல?"

"சாப்பாட்டப் பத்திப் பேசினாதான் திட்டுவீங்களே."

"தர்ஷினி, நாலு மணி வரைக்கும் யார் போன் பண்ணாலும் சரி சரின்னு சொல்லிக்கினு இரு. பிரேம், வண்டிய எடு. அந்தத் தெருவுல யாராவது மாடு வெச்சிருக்காங்களா?"

"மாடா?"

"வீட்டுல கூடை இட்லிக்கு மொத நாளே மாவு அரைச்சுப் புளிக்க வெக்கணும். தெருவுக்கே தர்ற இட்லின்னா அண்டா மாவு. இட்லி கடையில வாங்கியிருந்தா, அந்த மாவு எங்க போச்சு?"

*

அப்பாதுரை வீட்டுப் பின்சந்தில் பொன்னியின் மாட்டுக் கொட்டகை. பொன்னி பால் ஊற்றுகிறவள். வாய்க்கும் பாலுக்கும் ஒரே அளவு, தண்ணீர் கலக்காமல் வரும். சுகாசினி பேச்சை ஆரம்பிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'திருவிழா அன்னிக்கு மாட்டுக்கு ஏதாவது' என்பதற்குள் பொன்னி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இன்னா, மாட்டாஸ்பத்திரிலேர்ந்தா வர்றீங்க? வந்ததே வந்தீங்க, கேட்டுக்கினு போங்க. பொழுது கூட விடியல. அலமு அம்மா பின்கதவத் தொறந்து கூப்டுது. 'பொன்னி, மாவு புளிச்சுப் பூடுச்சு, மாட்டுக்கு ஊத்திக்க'ன்னு ஒரு அண்டா மாவக் குடுத்துச்சு. நானும் லட்டு கெடச்சாப்ல ஊத்திட்டேன். மத்தியானத்துக்குள்ள இதுக்கு வயிறு உப்பிக்கினு, காலப் பரப்பிக்கினு, சாகக் கெடந்துதும்மா!"

குற்றம் சாட்டப்பட்ட அண்டா மாவின் ஒரே சாட்சி, வைக்கோலை மென்றபடி பிரேம்நாத்தை ஏற இறங்கப் பார்த்தது.

"மாவு நெஜமாவே புளிச்சிருந்துதா?" என்றாள் சுகாசினி.

"ஆமா, அந்த இட்லிக்கு மாவு புளிக்காம பின்ன இனிக்குமா? வாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பொங்கி வந்து நொர நொரயா நிக்குது. நான்கூட ரெண்டு கரண்டி எனக்கு எடுத்து வெச்சேன்."

"அன்னிக்கிப் பால் எவ்ளோ ஊத்தினீங்க? விசேஷ வீடாச்சே."

பொன்னியின் முகத்தில் புதுக் கோபம் வந்தது. "அதையேன் கேக்கறே. நெறைய வேணும்னு மொத நாள் சொல்லிட்டு, அன்னிக்கி ஒரு சொட்டு வேணாம்னுட்டாங்க. 'அடுப்பு பத்த வெக்கல பொன்னி'ன்னுச்சு அலமு அம்மா. வீடு நெறைய ஒறமொற. ஒருத்தருக்கும் காபி கெடையாது."

"காபி இல்லாம இந்த ஊர்ல கோயில் மணியே அடிக்காதே," என்ற பிரேம்நாத், சட்டென்று சுகாசினியைத் திரும்பிப் பார்த்தான். 

சந்து முனைக்கு வந்த பிறகு சுகாசினி கேட்டாள். "அடுப்பு பத்த வெக்காத வீடு எது பிரேம்?"

"சாவு வீடு."

"ஆம்புலன்ஸக் கூப்டது?"

"ஒம்பது மணி." பிரேம்நாத் அப்பாதுரை வீட்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப அந்தாளு விடியறதுக்கு முன்னாடியே அப்பன் செத்தது தெரிஞ்சுதான்..."

"செத்த வீட்டுக்குத் தீட்டு. தீட்டு வீட்டுக்கு மண்டகப்படி கெடையாது, பரிவட்டம் கெடையாது. ஒரு வருஷம் கைமாறினா எதிர்க்கடைக்காரன் புடிச்சுக்குவான், அப்புறம் திரும்ப வராது. அதனால கெழவர் வீட்ட விட்டு உயிரோட கெளம்பணும். ஊர் பாக்க, ஆம்புலன்ஸ்ல, சத்தம் போட்டுக்கினு. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில நிதானமா சாகலாம். இந்தப் பொண்ணு நாடி புடிச்சுத் தொலைச்சுட்டா."

"ராத்திரி முழுக்கப் பொணத்துக்கு குளுக்கோஸ் ஏத்தியிருப்பானுங்க மேடம். பில்லும் போட்டிருப்பானுங்க."

சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

*

டம்ளர் இட்லிக்கு அந்த வட்டாரத்தில் ஒரே ஆள்தான், ராமராஜன். மூன்று மேஜை போட்ட கடை. போர்டில் 'கோயில் இட்லிச் சக்கரவர்த்தி' என்று போட்டிருக்கும். பட்டம் கொடுத்தவரும் அவரே.

"என் இட்லிய டெல்லி வரைக்கும் பார்சல் வாங்கிக்கினு போயிருக்காங்க," என்று ஆரம்பித்தவர், அப்பாதுரை பெயரைக் கேட்டதும் கரண்டியைத் துடைக்கத் தொடங்கினார். "அவரு வீட்டுக்கா? நான் எதுவும் தரல. டம்ளர் எல்லார் வீட்லயும்தான் இருக்குது."

"அப்ப அது உங்க இட்லி இல்ல?"

ராமராஜன் துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தார். பெருமாளே சாப்பிட்ட இட்லியைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல அந்த மனிதர் பட்ட பாடு, பார்க்கவே பாவமாக இருந்தது. "இல்ல," என்றார் கடைசியில், கண்ணில் நீர் தளும்ப. "அடுத்த வருஷத்துக்கும் நான் தரப்போறதில்ல."

"அடுத்த வருஷ ஆர்டரும் வாங்கிட்டான்," என்றான் பிரேம்நாத் வெளியே வந்து. "இப்ப நம்ம கையில என்னா மேடம் இருக்குது? ஒரு சாட்சி. அதுவும் மாடு. அதுவும் வயிறு சரியில்லாத மாடு."

"அப்பாதுரை பொய் சொல்லுவான். மச்சான் டாக்டர் சொல்லுவான். ராமராஜன் நம்ம கண்ணு முன்னாடியே சொல்லிட்டான். அலமு அம்மா?"

"அவங்களும்தான். புருஷனாச்சே. இத்தன நாளா சொல்லிக்கினுதானே இருக்காங்க."

"மனுஷங்ககிட்ட," என்றாள் சுகாசினி. "போலீஸ் கேட்டா சொல்லுவாங்க, கோர்ட்டு கேட்டா சொல்லுவாங்க. ஆனா தீட்டு அடுப்புல பொங்கி பெருமாளுக்குப் படைக்கப் பயந்துட்டாங்க பாரு. அந்தப் பயத்தத்தான் கேக்கணும்."

*

கல்யாண மண்டபத்து வாசலில் பேனர். 'உயிர் காக்கும் கரங்கள் செய்த பிழையை மன்னிக்கும் மாபெரும் விழா.' தர்ஷினியின் நெற்றி அளவுக்குப் பெரிதாக ஒவ்வொரு எழுத்தும். பேனரில் அப்பாதுரை கை கூப்பியிருந்தார், பின்னணியில் ஓர் ஆம்புலன்ஸ், அதன் கண்ணாடி உடையாமல் இருந்தது.

தெருவே உள்ளே இருந்தது. மன்னிப்பு முடிந்ததும் டிபன் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். முன்வரிசையில் தெருக்கோயில் பட்டர், பக்கத்தில் இன்ஸ்பெக்டர், அடுத்து ஆம்புலன்ஸ் சேவையின் மாவட்ட அதிகாரி. மேடையில் மொட்டைத் தலையுடன் அப்பாதுரை. ஓரமாக அலமு அம்மா, தலையைக் குனிந்தபடி. தர்ஷினிக்கு நாற்காலி போடவில்லை. மன்னிப்புக் கேட்கிறவருக்கு நாற்காலி எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

மைக் தர்ஷினிக்குப் போவதற்கு முன்னால் சுகாசினி எழுந்தாள். "ஐயா, ஒரு நிமிஷம். நானும் பெருமாள் பக்தைதான். தெருவுல ஒரு பேச்சு அடிபடுது, அத இந்த நல்ல நாள்ல தொடச்சுட்டாத் தேவல."

தெருவில் அப்படி எந்தப் பேச்சும் இல்லை. ஆனால் பேச்சு அடிபடுகிறது என்றதும் மண்டபம் காதைத் தீட்டிக்கொண்டது. அப்பாதுரை தாராளமாகத் தலையசைத்தார்.

"அன்னிக்கிக் காலையில இந்த வீட்ல கெழவரு போயிட்டாருன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. அது ஒருவேள நெஜம்னா, அலமு அம்மா தெரிஞ்சே தீட்டு அடுப்புல இட்லி வேகவெச்சு பெருமாள் வாயில ஊட்டிட்டாங்கன்னு ஆகுது. அப்படித்தான் பேசிக்கறாங்க. பாவம், அவங்க மேல ஏன் இந்தப் பழி?"

பட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து, வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அலமு அம்மாவின் கை புடவைத் தலைப்பை முறுக்கியது.

அப்பாதுரை மைக்கைப் பிடுங்கினார். "எவன் சொன்னது? எங்கப்பா அன்னிக்கி நல்லா இருந்தாரு! எங்க வீட்டு இட்லி, எங்க வீட்டு அடுப்புலதான் வெந்துச்சு! என் பொண்டாட்டி கையாலதான் வேகவெச்சா!"

"அய்யோ, பெருமாளே!"

நாற்காலி சாய்ந்து விழுந்தது. அலமு அம்மா எழுந்து நின்றிருந்தார். அந்தம்மாள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"பொய்யி! சாமி விஷயத்துல என் தலையில கல்லப் போடாதீங்க! நான் அடுப்பே மூட்டல! மாமா போயிட்டாருன்னு தெரிஞ்ச ஒடனே மாவத் தூக்கி மாட்டுக்கு ஊத்தினேன். விடியறதுக்குள்ள ராமராஜன் கடைக்கு ஆள அனுப்பினேன். நான் கோயில் வாசல்கூட மிதிக்கல. பட்டரே, சத்தியமா அது எங்க வீட்டு இட்லி இல்ல!"

"என் இட்லிதான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கதறல் கேட்டது. ராமராஜனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

 தான் என்ன சொன்னோம் என்பது அலமு அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கணவரைப் பார்த்தார். கணவர் மைக்கைப் பார்த்தார். அந்த மைக்கை அவர் கையிலிருந்து தர்ஷினி மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நான் அன்னிக்கிச் சொன்னதத்தான் இன்னிக்கும் சொல்றேன்," என்றாள்.  "நான் போனப்போ அவரு உயிரோட இல்ல."

மாவட்ட அதிகாரி மடியிலிருந்த பொன்னாடையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அப்புறம்தான் தெரு வெடித்தது.

"தீட்டோட பரிவட்டம் கட்டினியாடா பாவி!" "சாமியத் தொட்டானே!" "தெருவுக்கே ஆகாதே!" நாற்காலிகள் எழும்பின. பட்டர் கண்ணை மூடிக்கொண்டு பரிகாரத்தை யோசிக்கத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் அப்பாதுரைக்குக் காவலாக மேடை ஏற வேண்டியதாயிற்று. ஒரு பெண்ணின் மண்டை உடைந்தபோது செல்போன் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும், இப்போது தர்மாவேசம் வந்துவிட்டது. டேனியல் மாவுக்கட்டுக் கையால் தர்ஷினியை மறைத்துக்கொண்டு நின்றான். பழக்கதோஷம்.

பிரேம்நாத் சுகாசினி பக்கம் குனிந்தான். "செயிச்சுட்டோம் மேடம். ஆனா யாருக்கும் அந்தப் பொண்ணு ஞாபகம் வரலியே."

"வரும்," என்றாள் சுகாசினி. "போன்ல ரெக்கார்டிங் ஆன் பண்ணி வெச்சுக்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நடுத்தர வயது, சட்டைக் கையில் ஜரிகைத் துணுக்கு ஒட்டியிருந்தது. நிஜமான வருத்தத்தோடு தர்ஷினியின் நெற்றியைப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னிக்கே 'தீட்டு'ன்னு ஒரு வார்த்த சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா நான் அந்தக் கல்லத் தூக்கியே இருக்க மாட்டேனே."

இன்ஸ்பெக்டர் மேடையிலிருந்து திரும்பினார். பிரேம்நாத் தன் செல்போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டினான்.

தர்ஷினி அந்த மனிதரை நிதானமாகப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"மொதல் கல்லாண்ணே, ரெண்டாவதா?"

"ரெண்டாவதும்மா," என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பிரேம்நாத் தன்னுடையதைக் கொடுத்தான்.